காத்து பிரிஞ்சுச்சா?

"காத்து பிரிஞ்சுச்சாண்ணே?"

அந்த வார்டில் எங்களுக்குக் கிடைத்த முதல் விசாரிப்பு அதுதான். அறுவை முடிந்து அப்பாவைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து கட்டிலில் மாற்றிப் போட்டுவிட்டு எல்லாரும் போய்விட்டார்கள். பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக இருந்த அக்கா எட்டிப் பார்த்துக் கேட்டார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. என்ன நோய் என்று கேட்கவில்லை. அப்பாவுக்கு மயக்கமே முழுதாகத் தெளிந்திருக்கவில்லை.

"இப்பத்தான்க்கா கொண்டாந்து போட்ருக்காக," என்றேன்.

"இருக்கட்டும் தம்பி. இங்கன இனிமே அதான் கேள்வி. பழகிக்கிருங்க."

வயிற்றைத் திறந்து தைத்தவர்கள் கிடக்கும் வார்டு அது. கத்தி பட்ட குடல் கொஞ்ச காலத்துக்கு அப்படியே நின்றுவிடும். அது மறுபடி அசையும்வரை வாய்க்குச் சொட்டுத் தண்ணீர் கிடையாது. அசைந்துவிட்டது என்பதற்கு அடையாளம், காற்று கீழே பிரிவது. சுற்றி வரும் டாக்டர்களும் அதைத்தான் கேட்பார்கள். ஊசி போட வரும் சிஸ்டரும் அதைத்தான் கேட்பார். அவர்கள் பதிலை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்கள். அக்கா பதிலுக்காக நிற்பார். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நிற்பார்.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கத் தோன்றவில்லை. எனக்கு அவர் அக்கா, அப்பாவுக்கு 'அந்தப் பிள்ள'. எதிர்க்கட்டிலில் குடலிறக்கத்துக்கு அறுவை செய்துகொண்டு படுத்திருந்த கோம்பைக்காரர் ஒருவர் மட்டும் 'காத்து அக்கா' என்று கேலியாகக் கூப்பிடுவார். அதற்கும் அக்கா "என்னண்ணே?" என்று திரும்பிப் பார்ப்பார். அக்காவும் கோம்பையில் பிறந்து கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவர்தான். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை போட்டிருப்பார், ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் போடுவதுபோல. வேலைக்குக் கிளம்பிய கோலத்திலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டவர். மாற்றிக்கொள்ளப் பிறகு வரவழைத்த இன்னொரு சட்டையும் அவர் கணவருடையதுதான்.

கணவர் கம்பத்திலிருந்து கேரளத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டுநர். வயிற்று வலியை வாயு என்று நினைத்து, சோடா வாங்கிக் குடித்துக்கொண்டே மலைக்கு வண்டி ஓட்டியிருக்கிறார். குடலில் ஓட்டை விழுந்து வயிறெல்லாம் சீழ் கோத்த பிறகுதான் இந்தத் தேனி ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார். ஓட்டையை அடைத்தாகிவிட்டது. ஆனால் குடல் எழுந்திருக்கவில்லை. நாங்கள் போனபோதே அவர் வயிறு பானைபோல ஊதியிருந்தது. மூக்கு வழியாகப் போட்ட குழாயில் பச்சைத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்தது.

பெரிய டாக்டர் அக்காவிடம் சொன்னதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். "கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்மா. அசையலைன்னா மதுரைக்கு அனுப்பித் திரும்பத் திறந்து பார்க்கணும். இவர் உடம்பு இருக்கிற இருப்புக்கு இன்னொரு ஆபரேஷனைத் தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது."

அன்றிலிருந்து அக்காவுக்கு அந்த ஒரு காற்றுதான் வேண்டும். வேறு எதுவும் வேண்டாம்.

கணவர் பாதி நேரம் நினைவில்லாமல் கிடப்பார். காய்ச்சலில் ஏதோ முனகுவார். அதில் எங்களுக்குப் புரிந்தது ஒரே சொல்தான். "கேறு... கேறு..." மலையாளத்தில் ஏறு என்று அர்த்தம். விடியும்போது ஸ்டாண்டில் நின்று தோட்டத்துப் பெண்களை ஜீப்பில் ஏறச் சொல்லிக் கூவுகிற கூவல்.

"நான் எங்க எறங்குனேன்? கேறுனவ கேறுனபடியேதான இருக்கேன்," என்பார் அக்கா, அவர் கையைப் பிடித்துக்கொண்டே. முதலில் எல்லாம் அந்தக் கையை விடவே மாட்டார். குளுக்கோஸ் ஏறாத கை அவருக்கென்று இருந்தது.

அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் நினைவு வருவது அவர் காதுதான். தோடு கழற்றிய வெறும் காது. அதைக் கணவரின் வயிற்றில், கட்டுக்குப் பக்கவாட்டில், விலாவுக்குக் கீழே வைப்பார். மற்றக் காதை விரலால் அடைத்துக்கொள்வார். "ஃபேன அமத்துங்க தம்பி," என்பார். நான் நிறுத்துவேன். வேர்த்து ஒழுகினாலும் ஒருவரும் முணுமுணுக்க மாட்டார்கள். வார்டே சும்மா இருக்கும். பிறகு தலையை நிமிர்த்தாமலே கையை ஆட்டுவார், ஃபேனைப் போடலாம் என்று.

கேட்பது அவருக்குப் புதிதில்லை. "இவுகளுக்கு இந்தப் பக்கக் காது மந்தம் தம்பி. மேட்டுல ஏறயில வண்டியில சத்தம் மாறுச்சுன்னா இவுகளுக்குத் தெரியாது. 'ஏ புள்ள, அது என்ன சத்தம்?'ம்பாக. நான் சொல்லுவேன். முன்சீட்டு எனக்குன்னு ஆனதே அப்படித்தான்."

"அப்பக் காதுக்குத்தான் கட்டிக்கிட்டாப்லயாக்கும்," என்றார் கோம்பைக்காரர்.

"பின்ன, மூஞ்சிக்கா கட்டுவாக?"

சிரித்தால் தையல் இழுக்கும். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தா, சிரிக்க வைக்காத தாயி, கும்புட்டுக்கிறேன்," என்று கெஞ்சினார்.

ஓடுகிற குடல் எப்படிச் சத்தம் போடும் என்று தெரிந்தால்தானே ஓடாததில் தேட முடியும் என்பது அக்காவின் கணக்கு. அதனால் வார்டில் யாருக்குக் காற்று பிரிந்தாலும் போய், "ஒரு நிமிசம்ணே," என்று சொல்லி அவர் வயிற்றில் காது வைத்துக் கேட்டுவிட்டு வருவார். கூச்சமே கிடையாது. என் வயிற்றிலும் வைத்தார். நான் கூச்சத்தில் மேலே பார்த்துக்கொண்டு நின்றேன். "தம்பி வயித்துல தவளை கத்துதுப்பா," என்று அறிவித்தார். அந்தத் தவளைக்காக அவர் ஏங்கியதுபோல யாரும் எதற்கும் ஏங்கி நான் பார்த்ததில்லை.

அப்பா விஷயம் வேறு மாதிரி. ஜெயமங்கலத்தில் வாழைத்தார் ஏற்றும் வேலை அவருக்கு. குடல்வால் வெடித்து வந்தவர். அம்மாவிடம்கூட உடம்பு சமாச்சாரம் பேசாத மனிதர். பெண்கள் நடமாடுகிற இடத்தில் காற்றை விடுவதா என்று அடக்கிக்கொண்டே கிடந்திருக்கிறார். எனக்கே தெரியாது. அக்காதான் கண்டுபிடித்தார்.

"அண்ணே, மூஞ்சி ஏன் இப்பிடிக் கோணுது? அடக்குறீகளா?"

அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"யண்ணே! இதுக்கு இங்கன ஒரு மனுசன் உசுரக் கையில பிடிச்சுக்கிட்டுக் கெடக்காரு. உங்களுக்கு வந்ததப் போயி அடக்குறீகளே, பாவமில்லையா?"

பிறகு பழைய ஸ்கூட்டர் ஒன்று கிளம்புவதுபோல ஒரு சத்தம். அக்கா கை தட்டினார். "பிரிஞ்சிருச்சு! சிஸ்டர், ஜெயமங்கலத்து அண்ணனுக்குப் பிரிஞ்சிருச்சு!" பிள்ளை பிறந்த செய்திபோல அது கட்டில் கட்டிலாகப் போனது. அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள் அவர் அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. அன்று மாலை அவருக்குக் கரண்டியில் தண்ணீர் கொடுத்தேன். அக்கா தன் கட்டிலோரம் நின்று, அந்தத் தண்ணீர் அப்பாவின் தொண்டையில் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்படித்தான் ஒவ்வொருவருக்காகப் பிரிந்தது. வந்தவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள். கட்டிலுக்குப் புது ஆள் வந்தார்; அவருக்கும் பிரிந்தது. ஜீப்காரருக்கு மட்டும் பிரியவில்லை.

பபிள்கம் மென்றால் வயிறு ஏமாந்துபோய், சாப்பாடு வருகிறது என்று எழுந்துகொள்ளும் என டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். நினைவு தெளிந்திருக்கும் நேரமாகப் பார்த்து அக்கா அவர் வாயில் ஒன்று போடுவார். அவர் கண்ணை மூடியபடி மெதுவாக மெல்லுவார். "வாயி ஓடுது, வயிறு ஓட மாட்டேங்குதே," என்று சொல்லிக்கொண்டு, அவர் கூடவே அக்காவும் வெறும் வாயை அசைப்பார். தான் அசைப்பது அக்காவுக்கே தெரியாது.

எல்லாவற்றையும் கெடுத்தது ஒரு சொல். அதைச் சொன்ன இளம் டாக்டர் நல்லவர். மற்றவர்கள் நின்று பேசாத இடத்தில் நின்று பேசியவர். "இதயத்துக்கு மாதிரி வயித்துக்கும் ஒரு கரண்ட் இருக்கும்மா. அதுதான் குடலைச் சுருக்கிச் சுருக்கி ஓட்டும். உங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கரண்ட் குழம்பிப் போயிருக்கு. தானா சரியாகணும்," என்றார்.

அவர் சொன்னது உண்மைதான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்போது கல்லூரியில் விலங்கியல் இரண்டாம் ஆண்டு. இரைப்பை, குடல் சுவருக்குள்ளேயே தாளம் போடும் செல்கள் இருக்கின்றன. உப்புகள் உள்ளே போய் வெளியே வர, மெல்லிய மின் அலை ஒன்று எழுந்து படரும். இரைப்பைக்கு நிமிடத்துக்கு மூன்று அலை. அந்த அலை சொல்கிற நேரத்துக்குத்தான் தசை சுருங்கும். அலை குழம்பினால் தசை இருந்தும் பயனில்லை. மேட்டில் நின்றுபோன ஜீப்பை ஆளுக்கொரு நேரத்தில் தள்ளினால் எப்படி நகரும்?

"அதாவது டூ பேஸ்தான் வருதுன்றாக," என்றார் கோம்பைக்காரர். "மூணு பேஸும் வந்தாத்தான மோட்டாரு சுத்தும். ரெண்டுல உறுமும், சுத்தாது."

அவர் சும்மா சொன்னது. சிலர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. கணவரின் கையைப் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தார். பிறகு தன் வெறுங்காலைப் பார்த்தார். சிமெண்டுத் தரை, துடைத்த ஈரம் காயாமல் இருந்தது. மெதுவாக விரல்களைப் பிரித்துக் கையை எடுத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வார்டுக்குள் ரப்பர் செருப்போடு வந்தார். சிஸ்டர் சத்தம் போட்டதும், "சோப்புப் போட்டுக் கழுவிட்டேன் சிஸ்டர், உள்ளுக்க மட்டுந்தான் போட்டுக்கிருவேன்," என்று கும்பிட்டார். கணவர் பக்கம் போகும்போது செருப்பைக் கழற்றவே இல்லை. அவரைத் தொடவும் இல்லை. துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் என்னையும் வார்டைக் கூட்ட வரும் பெண்ணையும் கெஞ்சிச் செய்ய வைத்தார். காதை வயிற்றில் வைக்காமல் ஒரு விரல்கடை மேலேயே நிறுத்திக் கேட்டார். எப்படிக் கேட்கும்?

"ஏன்க்கா?" என்றேன்.

"கரண்டுன்னாகளே தம்பி."

அவருக்குக் கரண்ட் தெரியும். அவருடைய அண்ணனை அது கொண்டுபோயிருந்தது. மழைக்காலத்தில் திராட்சைத் தோட்டத்து மோட்டாரைத் தொட்டவர் அப்படியே ஒட்டிக்கொண்டார். "எங்க ஆத்தா ஓடிப் போயிப் பிடிச்சா. தூக்கி எறிஞ்சிருச்சு. தொடாத, தொடாதன்னு நான்தான் கத்திக்கிட்டு நின்னேன். அண்ணன் மேல இருந்தது ஆத்தா மேல ஏறுச்சா இல்லையா? அப்ப இவுக மேல இருக்குறது என் மேல ஏறாதா? நான் வந்த நாள்லருந்து கைய விடாமப் பிடிச்சுக்கிட்டுல்ல இருந்தேன். வெறுங்கால்ல. அம்புட்டும் எர்த்தாகிப் போச்சோ?"

"அக்கா, அது வேற. ஷாக் அடிக்கிற கரண்ட் இல்ல. ரொம்ப ரொம்பச் சின்னது. தொட்டா வெளிய வராது."

"சின்னதுங்கிறதுனாலதான் பயமா இருக்கு. பெருசா இருந்தா, கொஞ்சம் போனாலும் மிச்சம் கெடக்கும்."

இளம் டாக்டரும் அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிப் பார்த்தார். டாக்டர் சொன்னால் கேட்கிறவர்தான். ஆனால் அண்ணன் கிடந்ததைக் கண்ணால் பார்த்தவர்.

கணவரின் கை கட்டில் விளிம்பில் தடவிக்கொண்டே இருக்கும். கம்பியைப் பிடிக்கும், விடும். போர்வையைக் கசக்கும். அக்கா தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "இல்லங்க, இங்கனதான் இருக்கேன். தொடலங்க. உங்களுக்குத்தான் தொடாம இருக்கேன்," என்று சொல்வார். அவருடைய நல்ல காது எந்தப் பக்கம் என்று பார்த்துச் சுற்றி வந்து சொல்வார். அவர் கேட்டாரோ என்னவோ. "கேறு..." என்பார். கை தடவும்.

அந்த நாட்களில் அக்கா சாப்பிடவும் இல்லை. அது கரண்ட்டுக்கு முன்பே தொடங்கியது. அம்மா ஊரிலிருந்து கொண்டுவருகிற இட்லியை நீட்டினால், "அவுக வாயில தண்ணி படட்டும் தம்பி, பெறகு," என்பார். டீ மட்டும் குடித்தார்; பிறகு அதுவும் குறைந்தது. கணவரின் சட்டை அவர் தோளிலிருந்து நழுவத் தொடங்கியது. புது நோயாளிகளிடம் மட்டும் குரல் குறையாமல் கேட்டார்: "காத்து பிரிஞ்சுச்சாண்ணே?"

ஒரு காலையில் பெரிய டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மத்தியானம் மதுரைக்கு அனுப்பலாம் என்றார். இதற்குமேல் வைத்திருக்க முடியாது. டாக்டர்கள் போகும்வரை அக்கா நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு தரையில் மண்டியிட்டு, காதை அந்த வயிற்றில் நன்றாக அழுத்தி வைத்தார். நான் சொல்லாமலே ஃபேனை நிறுத்தினேன்.

அவர் கண்கள் விரிந்தன.

"கேக்குது," என்றார். "தம்பி, கேக்குது! உருளுது! சிஸ்டர்! ஓடுது சிஸ்டர்!"

கோம்பைக்காரர் தையலை மறந்து எழுந்து உட்கார்ந்தார். அப்பா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சிஸ்டர் ஓடி வந்து ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். ஓரிடத்தில் வைத்தார், எடுத்தார், வேறிடத்தில் வைத்தார். தொப்புளுக்குக் கீழே வெகுநேரம் வைத்திருந்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போது அந்தச் சத்தம் மறுபடி வந்தது. ஃபேன் இல்லாத அமைதியில் எல்லாருக்குமே கேட்டது. நீளமாக, உருண்டு, அடியில் போய் முடிந்தது. கட்டிலிலிருந்து வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்திலிருந்து வந்தது.

சிஸ்டர் ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து எடுத்தார். "அம்மா," என்றார் மெதுவாக. "நீங்க கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?"

காலி வயிற்றுக்கென்று வேறொரு தாளம் இருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லாதபோது, ஒன்றரை மணி நேரத்துக்கொரு தரம் பெரிய அலை ஒன்று இரைப்பையில் எழுந்து, குடலின் கடைசிவரை கூட்டிப் பெருக்கிக்கொண்டு போகும். பசி என்று நாம் சொல்கிற சத்தம் அது. சாப்பிட்ட வயிற்றில் அது எழாது. அக்காவின் குடல் எந்தக் குழப்பமும் இல்லாமல், துல்லியமாக, பலமாக ஓடிக்கொண்டிருந்தது.

அவர் தன் வயிற்றைக் குனிந்து பார்த்தார். அதை ஓங்கி ஓர் அடி அடித்தார். "நீ எதுக்குடி பேசுற?" என்றார். இன்னோர் அடி. நான் கையைப் பிடித்தேன்.

"தம்பி, இட்லி இருக்கா?"

எடுத்துக் கொடுத்தேன். நின்றுகொண்டே தின்றார். மெல்லவில்லை. சட்னியைத் தொடவில்லை. ஒன்று முடியும் முன்னால் அடுத்ததை வாயில் வைத்தார். கண்ணீர் வாய்க்குள் போனது, அதையும் சேர்த்து விழுங்கினார். "இது வாயை மூடட்டும். இது சும்மா இருந்தாத்தான் அவுகளது கேக்கும்," என்றார் வாய் நிறைய இட்லியோடு. தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். பிறகு மறுபடி மண்டியிட்டுக் காதை வைத்தார்.

ஒருவரும் இருமவில்லை.

வெகுநேரம் கழித்துத் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "இப்ப ரெண்டும் பேசல தம்பி."

மதுரையிலும் அது பேசவில்லை. பிறகொரு நாள் கம்பம் ஜீப் ஸ்டாண்டில் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்ல எனக்குத் திடம் இல்லை.

மத்தியானம் அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோனார்கள். வார்டில் எழுந்து நிற்க முடிந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். அவர்கள் போன பிறகுதான் அப்பா, "ஏலே, அந்தப் பிள்ள செருப்ப விட்டுட்டுப் போயிருச்சுடா, வெயில் கொளுத்துது, ஓடு," என்றார். எடுத்துக்கொண்டு ஓடினேன்.

ஆம்புலன்ஸின் பின்கதவு திறந்திருந்தது. அக்கா உள்ளே அவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தார். ஒரு கை அவர் வயிற்றின் மேல், ஒரு கை அவருடைய கைக்குள். கணவரின் விரல்கள் அந்தக் கையை இறுக்கியிருந்தன, தடவல் நின்றிருந்தது. அக்காவின் வெறுங்கால்கள் வண்டியின் இரும்புத் தரையில் அழுந்தியிருந்தன.

"அக்கா, செருப்பு."

"வேணாம் தம்பி," என்றார். "போறதுன்னா என் வழியாப் போகட்டும். வர்றதுன்னாலும் என் வழியா வரட்டும்."

நான் செருப்போடு நின்றேன். உள்ளிருந்து அந்த முனகல் வந்தது. "கேறு... கேறு..."

அக்கா குனிந்து, அவருடைய நல்ல காதில் வாயை வைத்துச் சொன்னார்: "கேறியாச்சுங்க. வண்டிய எடுங்க."

தன்னைத்தான் சொல்கிறார் என்று நினைத்து ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வண்டியை எடுத்தார்.